யோகண்ணையின் மாசி வீதிகள்

டிப்போவில் வண்டியின் கதவுகளைத் திறந்து மூடிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது யோகண்ணையின் மனைவி புவனா அக்காவின் அழைப்பு வந்தது. நான் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. "வசந்தி, இவர் போயிட்டார்" என்றார். அவ்வளவுதான். அன்றைய முதல் ஓட்டம் என்னுடையது, மாற்றுக்கு ஆள் இல்லை. அழுதுகொண்டு ட்ரிக் என்னும் டிராம் வண்டியை ஓட்டக் கூடாது, ஆகவே அழாமல் ஓட்டினேன். ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறக்க மறந்துபோய் நின்றுகொண்டே இருந்தேன். ஆட்கள் மணியை அழுத்தினார்கள், கண்ணாடியில் தட்டினார்கள். ஒஸ்லோவில் ட்ரிக் ஓட்டும் தமிழர்கள் எத்தனையோ பேர், ஆனால் என்னோடு ஒரே வகுப்பில் இருந்து படித்து, ஒரே நாளில் ஓட்டத் தொடங்கிய யோகநாதன் இனி இல்லை என்று அந்தப் பயணிகளுக்கு நான் எப்படிச் சொல்வது?

தகனம் முடிந்த பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் வந்தது. அந்தியேட்டிக் கிரியையும் மதியபோசனமும் சனிக்கிழமை, மண்டபத்தின் பெயர், வாகனம் நிறுத்தும் இடம். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்தியேட்டி செய்யவேண்டிய முப்பத்தோராம் நாள் அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்து வரும் புதன்கிழமை. அவசரப்பட்டு முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். போனைக் கட்டிலில் எறிந்தேன். அது துள்ளிக் கீழே விழுந்தது, எடுக்கவும் இல்லை.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. ஒஸ்லோவில் பிறந்தநாளும் சனிக்கிழமைக்கு நகரும், பூப்புனித நீராட்டு விழாவும் நகரும், செத்தவீட்டு முப்பத்தொன்றும் நகரும். மண்டபம் கிடைக்க வேண்டும், பேர்கனில் இருந்து வருபவர்களுக்கு லீவு கிடைக்க வேண்டும், சமைப்பவர் ஓய்வாக இருக்க வேண்டும். இப்படி நகர்த்தப்பட்ட எத்தனையோ முப்பத்தொன்றுகளில் வாய் நிறைய வடை சாப்பிட்டு வந்தவள்தான் நானும். ஆனால் யோகண்ணைக்கு மட்டும் நாளை மாற்றக் கூடாது. வேறு யாருக்கும் மாற்றுங்கள், அவருக்கு வேண்டாம். ஏன் என்று குழுவில் உள்ள உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பிக் குசினிக்குப் போகிறேன், கேத்திலைப் போடுகிறேன், தேநீரைக் குடிக்காமல் திரும்பி வருகிறேன்.

உங்களில் பலருக்கு அவரை மதுரை யோகண்ணை என்றுதான் தெரியும். பிறந்தது வடமராட்சியில். ஆனால் நோர்வேக்கு வரும் வழியில் தாயும் மகனுமாகச் சில வருஷங்கள் மதுரையில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கிய ஊர்களை மறந்துவிட்டார்கள். இவர் ஊரை மறந்து தங்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று நாங்கள் நக்கல் அடிப்போம். யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வசனம். மதுரையைப் பற்றிக் கேட்டால் இடைவேளை முடிந்து வண்டிக்குப் போகும்வரை நிற்காது.

ஓய்வறை மேசையில் கோப்பைகளை அடுக்கி அவர் மதுரை கட்டிக் காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுவில் சீனிப் போத்தல். "இது கோயில். உள்ளுக்கை ஆடி வீதி. வெளியிலை சுத்தி நாலு பக்கமும் சித்திரை வீதி. அதைச் சுத்தி ஆவணி மூல வீதி. அதையும் சுத்தி மாசி வீதி. கடைசியா வெளி வீதி. வருசத்தையே தெருவா மடிச்சு வச்சிருக்கிறாங்கள் பாரும்." பக்கத்தில் இருந்த நோர்வேக்காரர் ஒருவர், அப்படியானால் நீ எந்த மாதத்தில் குடியிருந்தாய் என்று கேட்டார். யோகண்ணை கொஞ்சமும் யோசிக்காமல் நோர்ஸ்க்கில், அதாவது நோர்வேஜிய மொழியில், "பெப்ரவரியில். வாடகை குறைவு" என்றார். பிறகு பல காலத்துக்கு டிப்போவில் அவருக்கு பெப்ரவரி என்று பெயர் இருந்தது.

ஒஸ்லோவின் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல். நகரம் என்றால் நடு வேண்டும், நடுவில் நிமிர்ந்து பார்க்க ஒன்று வேண்டும் என்பார். துறைமுகத்தோரம் நிற்கும் நகரசபைக் கட்டடத்தின் இரண்டு செங்கல் கோபுரங்களைக் கடக்கும்போதெல்லாம், "ரெண்டு கோபுரத்தைக் கட்டிப்போட்டு உள்ளுக்கை கவுன்சிலர்மாரை இருத்தி வச்சிருக்கிறாங்கள், சாமியைக் காணேல்லை" என்று தலையில் அடித்துக்கொள்வார். தமிழ்நாட்டில் இருந்து கம்பியூட்டர் வேலைக்கு வந்தவர்கள் அவரது பேச்சில் மயங்கி, "நீங்க மதுரையா அண்ணே?" என்று கேட்டால் முகம் மலர்ந்துவிடும். "ஓம், தெற்கு மாசி வீதி, பத்துத் தூண் சந்து" என்பார். அந்த ஒரு 'ஓம்' அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. இதை நீங்களும் கண்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் இருக்க இவர் வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடப்பார். இருக்கச் சொன்னால் இருப்பார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். வண்டியில் இருக்கும்போது மட்டும்தான் நிம்மதி, ஏனென்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் கடைசி நிறுத்தத்தில் நானும் அவரும் வண்டி மாற்றக் காத்துநின்றபோது எரிச்சலில் கேட்டேவிட்டேன். "என்ன அண்ணை, காலுக்குக் கீழை நெருப்போ? ஏன் இப்பிடி அந்தரப்படுறியள்?"

அவர் சிரிக்கவில்லை. "அம்மா அங்கை நிக்கிறா, வசந்தி" என்றார்.

தாயார் பெயர் இராசம்மா. மதுரையில் பத்துத் தூணுக்குப் பக்கத்துச் சந்தில், தனலட்சுமி அம்மாள் என்பவரின் மாடி அறையில் இருந்தார்கள். சிலோன்காரருக்கு வீடு கொடுக்க எல்லோரும் தயங்கிய காலம். அந்த அம்மாள் பொலிஸ்காரரிடம் கதவை மறித்துக்கொண்டு நின்று, இவர்கள் என் வீட்டு மனுஷர் என்று சொன்னவர். யோகண்ணை வேலைக்குப் போனால் தாயார் கீழ மாசி வீதிக்குப் போய்ப் பலசரக்கு வாங்கி வருவார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஒருநாள் அந்த வழியில் தேங்காய் லொறி மறித்து நின்றது என்று வேறு சந்துக்குள் இறங்கிவிட்டார். மகன் முன்பே சொல்லிவைத்திருந்தார், வழி தவறினால் கோபுரத்தைப் பிடித்து வாருங்கள் என்று. அவரும் நிமிர்ந்து பார்த்துக் கோபுரத்தைப் பிடித்து நடந்தார். ஊரில் ஒரு கோயிலுக்கு ஒரு கோபுரத்தைத்தான் கண்டவர் அவர். மதுரையில் எந்தச் சந்தில் நின்று தலையை நிமிர்த்தினாலும் ஒரு கோபுரம் தெரியும், ஆனால் அது எந்தப் பக்கத்துக் கோபுரம்? பொழுதுபட மகன் கண்டுபிடித்தபோது மேலக் கோபுர வாசலில், மடியில் புளியும் மல்லியும் வைத்துக்கொண்டு நின்றாராம். "நாலும் ஒரே மாதிரிக் கட்டி வச்சிருந்தா எதைப் பிடிச்சடா வாறது?" என்று மகனைத்தான் ஏசினாராம்.

பிறகு ஒரு காய்ச்சலில் அந்த அறையிலேயே போய்விட்டார். தத்தனேரியில் எரித்தார்கள். தனலட்சுமி அம்மாள் முன்னுக்கு நின்று எல்லாவற்றையும் செய்வித்தார். அவர்கள் பக்கம் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடும். எங்கள் பக்கம் முப்பத்தொன்று செய்யும்வரை போனவர் போகவில்லை, இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பார். பதினாறு முடிந்த கையோடு வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஆள் விட்டான். தனலட்சுமி அம்மாள், "ஆத்தா நல்லபடியா போயாச்சு, நீ கிளம்பு தம்பி" என்று விபூதி பூசி அனுப்பினார். சந்து முழுக்க முடிந்தது முடிந்தது என்று சொன்னபோது தனக்கும் முடிந்தது போலத்தான் இருந்தது என்றார் யோகண்ணை. மொஸ்கோவில் ஓர் அறையில் பத்துப் பேரோடு அடைபட்டுக் கிடந்தபோதுதான் முப்பத்தொன்று வந்தது, போனது. மதுரையில் யாராவது ஒரு விளக்காவது வைத்தார்களா என்று அவருக்குத் தெரியாது.

"எனக்கே தெரியும் பிள்ளை, இது விசர்க்கதை எண்டு. ஆனா அவவுக்கு வழி தெரியாது. அந்தச் சந்துக்குள்ளையே எல்லோ நிக்கிறா. அதுதான் நான் வாய் ஓயாமல் தெருவைச் சொல்லிக்கொண்டு திரியிறன். அவவுக்குக் கேக்கும் எண்டு."

அன்றிலிருந்து நான் அவரது மதுரையைப் பார்த்து நக்கல் அடிப்பதை விட்டேன். நீங்கள் அடித்ததில் தவறில்லை, உங்களுக்குத் தெரியாது. புவனா அக்காவுக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும்.

இங்கே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார். ஒஸ்லோவில் அவர் குடியிருந்த அம்மருட் பகுதிக் கோயிலில் ஐயர் முறைப்படி செய்துவைத்தார், எள்ளும் தண்ணீரும் விட்டார், சமைத்துப் படைத்தார்கள். வெளியே வந்து பனியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "இஞ்சை கூப்பிட்டா அவ எப்பிடி வருவா? பஸ்ஸிலை தனிய ஏறவே பயம் அவவுக்கு" என்றார். மதுரைக்குப் போகவும் பார்த்தார். முதலில் கையில் பாஸ்போட் இல்லை. பிறகு இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தார், இழுத்தடித்தார்கள். பிறகு பிள்ளைகள், வீட்டுக்கடன், எல்லோருக்கும் இருப்பதுதான். கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரிக் கதிரையில் இரத்தம் சுத்தம் பண்ண இருக்க வேண்டும். ஓர் இடத்தில் இருக்க முடியாத மனுஷனைக் குழாயைப் பூட்டி இருத்தி வைத்த நோய் அது. பார்க்கப் போனால் கால் இரண்டும் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருக்கும்.

சென்ற ஆடியில் என் பெறாமகளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இந்தியா போனேன். "தெற்கு மாசி வீதியிலை இல்லாத சீலையே? அங்கை போம்" என்றார். சேலைக்காக அவர் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். விமானத்துக்கு முதல் நாள் மெல்லக் கேட்டார். "அந்த வீடு நிக்குதோ எண்டு பாரும். நிண்டா, முப்பத்தொண்டுக்கு ஆரும் ஏதும் செய்தவையோ எண்டு கேளும். வேறை ஒண்டும் வேண்டாம்."

மதுரையில் போய் இறங்கினால் ஆடித் தள்ளுபடி. தெற்கு மாசி வீதியில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொரு கடைக்கும் ஓர் ஒலிபெருக்கி, ஒவ்வோர் ஒலிபெருக்கியும் மற்றதைக் கத்தி வெல்லப் பார்க்கிறது. வாசலில் நிற்கும் பெடியள், "அக்கா, வாங்க வேணாம், சும்மா வந்து பாருங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுக்கிறார்கள். புதுத்துணியின் கஞ்சி மணம், மல்லிகை, சாக்கடை, எண்ணெய்ப் பலகாரம், எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறுகின்றன. எனக்கு ஒரு மணித்தியாலத்தில் தலை சுற்றியது. இதற்காகவா அந்த மனுஷன் உருகினார் என்று கோபம் வந்தது. விளக்குத்தூண் பக்கம் நின்று ஜிகர்தண்டா ஒன்றைக் குடித்தேன், கோபம் கொஞ்சம் இறங்கியது. பிறகு வீடியோவில் அவரை அழைத்தேன். எனக்கு மத்தியானம், அவருக்குக் காலை. ஆஸ்பத்திரிக் கதிரையில்தான் இருந்தார். தாதி ஒருத்தி தலையணை ஒன்றை வைத்துப் போனை நிமிர்த்தி நிறுத்திவிட்டுப் போனாள்.

"பத்துத் தூணைக் காட்டும்" என்றார்.

அந்தக் காலத்து அரண்மனையில் மிஞ்சிய கல் தூண்கள் அவை. இரண்டு ஆள் கட்டிப்பிடித்தாலும் கைக்குள் அடங்காது. ஒரு சந்துக்குள், துணிக்கடைகளுக்கு நடுவில், கூரையும் இல்லாமல் எதையும் தாங்காமல் நிற்கின்றன. தூணுக்குத் தூண் கயிறு கட்டி நைட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஐயோ அண்ணை, ராசா வீட்டுத் தூணிலை நைட்டி தொங்குது."

"அப்பவும் தொங்கினதுதான். அப்ப உள்பாவாடை" என்றார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம்.

அந்தச் சந்தில் இருந்து அவர் சொல்லச் சொல்ல நடந்தேன். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடுகள், கீழே கண்ணாடிக் கடைகளாகவும் மேலே பழைய முகத்தோடும் நின்றன. மரச் சட்டங்களில் செதுக்கிய கிளிகள், அவற்றின் கழுத்தில் மின்சார வயர். இந்தச் சன்னல் நீலமோ, அந்த மூலையில் பிள்ளையார் இருக்கிறாரோ, படிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதோ என்று கேட்டுக்கொண்டே வந்தார். சன்னல் நீலம் இல்லை. குழாய் இல்லை. பிள்ளையார் இருந்தார், டைல்ஸ் ஒட்டி. வீடும் இருந்தது. கீழ்த்தளம் முழுக்கத் துணிப் பொதிகள். நடுவில் நாற்காலி போட்டு ஒருவர் இருந்தார். நான் போனை நீட்டியதும் எழும்பிவிட்டார்.

"யோகு அண்ணனா? நெசமாவா? அண்ணே, நான் செந்தில்ண்ணே. எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பீங்கல்ல!"

தனலட்சுமி அம்மாளின் மகன். அம்மாள் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன என்று அவர் சொன்னபோது யோகண்ணை கைகூப்பினார். குழாய் பூட்டிய கையையும் தூக்கப் பார்த்தார், தாதி சத்தம் போட்டாள். பிறகு, கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

செந்தில் யோசித்தார். "முப்பத்தொண்ணா? இல்லக்கா. எங்க பக்கம் பதினாறோட முடிச்சிருவாங்க. அப்படி ஒண்ணு இருக்குன்னே அம்மாவுக்குத் தெரியாது." போனைப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா செஞ்சிருக்கும்ண்ணே. கண்டிப்பா செஞ்சிருக்கும்."

ஆஸ்பத்திரி மெசின் ஓடும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. "ஓம் தம்பி, அவ செய்திருப்பா" என்றார் யோகண்ணை. "நான்தான் சொல்லேல்லை."

மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்றார். செங்குத்தான மரப்படி. அறை நிறைய அட்டைப்பெட்டிகள். அதற்கு மேலே மொட்டை மாடி. ஏறி நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தென்னையும் தண்ணீர்த் தாங்கியும் விளம்பரப் பலகையுமாக இருந்த அந்தக் கூரைகளுக்கு மேலே நான்கு கோபுரங்களும் தெரிந்தன. வர்ணம் வர்ணமாக, கிளிகள் பறந்துகொண்டிருக்க, ஒரு பெரிய ஊரே தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பது போல. அவர் மதுரையை விடாததில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அந்த நிமிஷம் விளங்கியது.

"நாலும் தெரியுது அண்ணை."

"எது எது எண்டு சொல்லும் பாப்பம்?"

நான் முழித்தேன். வெயில் உச்சியில் நின்றது, திசை பிடிபடவில்லை.

"அதுதான் பிள்ளை. அவவுக்கும் அதுதான்."

அறை வாசலில் போய் நிற்கச் சொன்னார், நின்றேன். போனைப் பெட்டிகளின் பக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினேன். "அம்மா" என்று கூப்பிட்டார். சாதாரணமாக, சந்தைக்குப் போகக் கூப்பிடுவது போலத்தான். "வாங்கோ அம்மா, போவம். படி செங்குத்து, சுவரைப் பிடிச்சு இறங்குங்கோ."

செந்தில் என் சேலைப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார். நான் போனை நெஞ்சுயரத்தில் வெளிப்பக்கம் காட்டிப் பிடித்தபடி தெருவில் இறங்கினேன். கூட்டத்துக்குள் அவருடைய குரல் வந்துகொண்டிருந்தது. "இது தெற்கு மாசி. மேற்காலை நடவுங்கோ. கோபுரத்தைப் பாக்காதையுங்கோ அம்மா. நான் அண்டைக்குச் சொன்னது பிழை. கோயிலை எப்பவும் வலக்கைப் பக்கம் வச்சிருங்கோ. தேரும் அப்பிடித்தான் போறது. கவனம், ஓட்டோ வருது." ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பூக்காரி என்னை மறித்து, "யாருடி அது, மகனா?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூலையில் திரும்பினோம். மேல மாசி வீதி, லொட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும். பரோட்டா கொத்தும் சத்தம் வந்ததும், "அம்மா, இதுதான் நீங்கள் பயப்பிட்ட சத்தம், ஒண்டுமில்லை" என்றார். வடக்கு மாசியில் கூட்டம் குறைந்தது. வாசலில் கோலம் கலையாத பழைய வீடுகள் சில இன்னும் இருந்தன. அங்கே அவர் வேகத்தைக் குறைத்தார், நானும் குறைத்தேன். "கீழ மாசி விடுபடுகுதே அண்ணை" என்றேன். "அது அவவுக்குத் தெரிஞ்ச ரோட்டு" என்றார். வடக்கே திரும்பி யானைக்கல் வழியாக வைகைக் கரைக்குப் போனோம்.

"தண்ணி இருக்கோ?"

ஆற்று மணலில் மாடுகள் நின்றன. கோரைப் புல்லுக்கு நடுவில் மெல்லிய ஒரு கோடாகத் தண்ணீர் ஓடியது. காட்டினேன்.

"அது காணும், போதும். அவ மெல்லிய ஆள்" என்றார். பிறகு சொன்னார், "சரி அம்மா. இனி நீங்கள் போங்கோ."

அதோடு அவர் மதுரையைப் பற்றிப் பேசவே இல்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முன்னைவிட அதிகமாகப் பேசினார். பருத்திப்பால், வெங்கலக்கடைத் தெரு, நாயக்கர் மகாலில் வெயில் விழும் நேரம், என்னைக் கொன்றார். ஆனால் போர்வைக்குள் கால்கள் அசையவில்லை. கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்ளத் தொடங்கினார். தாதிமார் மருந்து வேலை செய்கிறது என்றார்கள்.

இப்போது சொல்லுங்கள். பதினாறோடு முடித்துவிட்டார்கள் என்று இத்தனை காலம் அந்தரப்பட்ட மனுஷனை, மண்டபம் கிடைத்தது என்பதற்காக நாள் நிறைய முன்னரே அனுப்பிவைக்கலாமா?

நான் ஆரணியை அழைத்தேன். அவருடைய மகள், இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் வேலை. கிரியைகளை அவள்தான் ஒழுங்குசெய்கிறாள், பாவம், அழவும் நேரமில்லாமல். "அன்ரி, ஹெல்க் எண்டா எல்லாருக்கும் சுகம் எல்லோ. பேர்கன்லை இருந்து டிக்கெற்றும் போட்டிட்டினம்" என்றாள். வார இறுதியை அவளுடைய தமிழில் ஹெல்க் என்றுதான் சொல்லுவாள். நான் ஏசவில்லை. கொதித்துக்கொண்டுதான் எடுத்தேன், ஆனால் அந்தக் களைத்த குரலைக் கேட்டபின் ஏச வரவில்லை. மேலே எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். மாடி அறை, கோபுரம், மாசி வீதி, ஆறு. அப்பா தனக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் கேட்டாள், "அப்ப, இப்ப அப்பா எங்கை நிப்பார் அன்ரி?"

ஊரிலா, மதுரையிலா, அம்மருட்டில் அவர்களின் வீடு இருக்கும் அந்த எட்டாம் மாடியிலா? தெரியாது என்று சொன்னேன்.

மறுநாள் அவள் மண்டபத்தை விட்டுவிட்டாள். புதன்கிழமை, அவர்களின் புளொக்குக்குக் கீழே இருக்கும் பொது அறையில் செய்கிறார்கள். சின்ன அறை. பாதிப்பேர் நிற்க வேண்டிவரும். பேர்கன்காரர் சிலர் கோபித்துக்கொண்டு வரமாட்டார்களாம், அது அவர்களின் பாடு. யோகண்ணையிடம் இருந்து நான் வைத்திருப்பது ஒரு பொருளும் இல்லை. அவருடைய அந்தரத்தைத்தான் வைத்திருக்கிறேன். போனவர் சரியாகப் போய்ச்சேர்ந்தாரா என்று இருக்கமுடியாமல் தவிக்கும் அந்தக் குணம், அது இப்போது என்னுடையது. அன்றைக்கு எனக்குக் காலை வேலை, மாற்றிவிட்டேன். வேலைநாள் என்று தெரியும். நீங்களும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

நேற்று ஆரணி மறுபடியும் அழைத்தாள். கிரியை முடிந்ததும் வீட்டு வாசலில் இருந்து இறங்கி, அவர் வண்டி ஓட்டிய பாதை வழியே கடற்கரை வரைக்கும் அப்பாவை நடத்திக்கொண்டு போகப்போகிறாளாம். தனியாகத்தான் போவாளாம். நல்லது என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"அன்ரி, எனக்கு வழியெல்லாம் தமிழிலை சொல்ல வராது. நோர்ஸ்க்கிலை சொன்னா அப்பாக்கு விளங்கும்தானே?"

"விளங்கும் பிள்ளை" என்றேன். "ஆனா மெல்லச் சொல்லு. ஓட்டின பாதை எண்டாலும் அவருக்கு இது புது ரோட்டு."